அறுபத்திரண்டு கண்ணி

சர்வேயர் ஹபீப் முகம்மதைத் திட்டிய மாதிரி நான் என் வீட்டுக்காரரைக்கூடத் திட்டியதில்லை. அதே மனுஷரை நினைக்காமல் இன்றுவரை ஒருநாளும் அடுப்பு மூட்டியதும் இல்லை.

குடியிருக்கிற மனை அவரவருக்கே சொந்தம் என்று சர்க்கார் சட்டம் போட்ட மறுவருஷம், கீழ்வேளூர்ப் பக்கம் எங்கள் தெருவை அளக்க வந்தார். மிராசுதாரின் காரியஸ்தர் பஞ்சநதம் கையில் ஒரு காகிதத்தோடு எனக்கு முன்னாலேயே அங்கே நின்றார். எல்லைக் கல்லிலிருந்து பன்னிரண்டு மீட்டர், நாற்பத்தேழு சென்டிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் வரைதான் எங்கள் மனையாம். எங்கள் பின்சுவர் அதைத் தாண்டி மூன்று விரற்கடை மிராசு வயலுக்குள் நிற்கிறதாம். இடிக்க வேண்டுமாம். அந்தச் சுவர் போனால் கூரையும் போச்சு. கூரைக்குக் கீழே என் பத்து நாள் பிள்ளை தூளியில் கிடந்தாள்.

சர்வேயர் நாடாவைப் பிடித்து மூன்று தடவை அளந்தார். மூன்று தடவையும் வேறு வேறாக வந்தது. கல்லே ஒரு சாண் அகலம். எந்த ஓரத்திலிருந்து பிடிப்பது? பிறகு அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தார்.

"இந்த மில்லிமீட்டர் எங்கேருந்து வந்துச்சு?"

"பழைய பதிவேட்டுல அறுபத்திரண்டு கண்ணின்னு இருக்குங்க. நான்தான் மீட்டராப் பெருக்கிப் போட்டேன்," என்றார் பஞ்சநதம் பெருமையாக.

"அந்தக் காலத்துல அளவுச் சங்கிலி போட்டு அளந்தவரு, சங்கிலியோட கண்ணியை எண்ணி முழுக் கண்ணியாத்தான் எழுதியிருக்காரு. ஒரு கண்ணிங்கிறது கிட்டத்தட்ட ஒரு சாண். அரைச்சாண் முன்னப்பின்ன இருந்தா அவருக்கே தெரிஞ்சிருக்காது. இப்ப நீங்க பெருக்கினதால அவரு கண்ணு கூர்மையாயிடுமா?"

எனக்கு உயிர் வந்தது. "அப்ப சுவரு எங்க மனையிலதான் இருக்குன்னு எழுதுங்கய்யா," என்றேன்.

"அதுவும் எனக்குத் தெரியாதும்மா."

வந்ததே கோபம். மிராசு வீட்டுச் சோறு பேசுகிறது என்றேன். இன்னும் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் எழுதி முடித்து எனக்கும் படித்துக் காட்டினார்: 'இந்த அளவுகளைக் கொண்டு சுவர் எல்லைக்கு உள்ளே உள்ளதா, வெளியே உள்ளதா என்று சொல்ல இயலாது.'

அந்த ஒரு வரி இருக்கும்வரை சுவரை இடிக்க உத்தரவு போட யாரும் துணியவில்லை. ஆறு மாதத்தில் பட்டா கைக்கு வந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்களைப் பற்றிக் காகிதத்தில் எழுதியவர்கள் எல்லாருக்கும் எப்போதும் எல்லாம் நிச்சயமாகத் தெரிந்திருந்தது. தெரியாததைத் தெரியாது என்று எழுதியவர் இவர் ஒருத்தர்தான்.

கூரையில் காய்த்த பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு அவர் ஆபீசுக்குப் போனேன்.

"உங்களுக்குச் சாதகமா நான் ஒண்ணும் எழுதலையேம்மா," என்று வாங்க மறுத்தார்.

"அதுக்குத்தாங்கய்யா கொண்டாந்தேன். அன்னிக்குப் பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க."

காயைக் கையில் ஏந்திப் பார்த்தார். "என்ன எடை இருக்கும்?"

"நாலு கிலோ இருக்குங்க. அரைக்கிலோ முன்னப்பின்ன."

சிரித்துக்கொண்டே வாங்கி மேசைமேல் வைத்தார்.