இரண்டு செட்டுக்கு நடுவில்

அண்ணன் பஸ் ஓட்டுகிறவன். தங்கை ஒரு கண்ணாடிக் கடையில் ஜன்னலுக்கும் மேஜைக்கும் அளவு பார்த்துக் கண்ணாடி அறுப்பவள். இருவரும் வேலை முடிந்து மாலையில் சந்திக்கும் இடம், துணிக்கடை ஒன்றின் அடித்தளத்தில் இருந்த பயிற்சிக்கூடம். கைப்பிடி வைத்த இரும்புக் குண்டுகள் அங்கே சுவரோரமாகச் சிறிதும் பெரிதுமாக உட்கார்ந்திருக்கும். கெட்டில்பெல் என்று பெயர். ஆனால் கூடத்தில் எல்லாருக்கும் அது குண்டுதான். அண்ணனுக்கு முதுகுவலி வந்தபோது தங்கைதான் அவனை வம்படியாக இழுத்து வந்தாள். இப்போது அவன் அவளைவிடத் தீவிரமாகிவிட்டான். வரப்போகும் போட்டிக்குப் பெயரும் கொடுத்திருந்தான்.

கூடத்தை நடத்தியவள் முன்பு தீயணைப்புப் படையில் இருந்தவள். எல்லாருக்கும் அவள் கோச். குண்டை நிறுத்தாமல் சில தடவை தூக்கி இறக்குவது ஒரு செட். தூக்குவதைவிட, அதைக் கீழே வைத்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பதையே அவள் அதிகம் கவனிப்பாள்.

"வச்ச உடனே பொத்துன்னு உக்காராதீங்க. நடங்க. மூச்சை இழுக்கறதைவிட விடறதுக்கு அதிக நேரம் எடுத்துக்குங்க. விரலை உதறுங்க, உள்ளங்கையைத் துடைங்க. அப்புறம் குண்டைத் தொடாமலே அடுத்த செட்டை மனசுக்குள்ள ஒருதடவை தூக்கிப் பாருங்க. அங்க தடுமாறினா இங்கயும் தடுமாறும்."

தங்கைக்கு இது சுட்டுப்போட்டாலும் வரவில்லை. குண்டு தரையைத் தொட்டதும் அவள் வாய் திறந்துகொள்ளும். மாப்பிள்ளை முறுக்கோடு கடைக்கு வந்த ஆள், பக்கத்து வீட்டு நாய், தன் செருப்பின் அறுந்த வார் என்று மூச்சு வாங்கிக்கொண்டே பேசுவாள். கோச் அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தாள்.

அண்ணன் நேர்மாறு. குண்டை வைப்பான், ஒரு சுற்று நடப்பான், சுவரைப் பார்த்து நிற்பான். நின்றால் கல். கண் இமைகூட அசையாது. அடுத்த செட்டில் குண்டு அவன் கையில் பூப்போல எழும்பும்.

"பாத்துக்குங்க, இதுக்குப் பேருதான் கவனம்" என்பாள் கோச். மற்றவர்களும் அவனைப் போலச் சுவரைப் பார்த்து நிற்கப் பழகினார்கள். தங்கைக்கும் பெருமைதான். அண்ணியிடம் போய், "உங்க வீட்டுக்காரரு சாமியாராப் போகப்போறாரு, எதுக்கும் உஷாரா இருங்க" என்று சிரித்தாள்.

கண்ணாடி அறுப்பவளின் கண்ணுக்கு மயிரிழைக் கீறலும் தப்பாது. ஒரு மாலை, அண்ணன் சுவரைப் பார்த்து நின்றபோது அவனுடைய வலதுகைக் கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டே இருந்ததை அவள் பார்த்தாள். உதடு எதையோ சப்புக்கொட்டுவது போல மெல்ல அசைந்தது. கையில் இருந்த தண்ணீர் பாட்டில் சாய்ந்து தண்ணீர் அவன் காலில் கொட்டியது. அவன் குனிந்து பார்க்கவில்லை.

"அண்ணா, ஷூ நனையுது."

பதில் இல்லை. அருகே போய் அவன் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினாள். கண்கள் திறந்திருந்தன, அவற்றில் அவன் இல்லை. ஆள் குடியில்லாத வீட்டு ஜன்னலை எட்டிப் பார்த்தது போல இருந்தது.

பிறகு அவன் ஒரு பெருமூச்சு விட்டுத் திரும்பினான். "என்ன?" என்றான். ஈரத்தைப் பார்த்து, "யாரு தண்ணி கொட்டினது?" என்று கேட்டான்.

"நான் இப்ப உன்கிட்ட என்ன சொன்னேன்?"

"நீ என்னத்தைச் சொல்லல? காதை மூடிக்கிட்டுதான் நிக்கறேன். இதெல்லாம் கவனம்டி, உனக்கு வராது."

சொல்லிவிட்டுக் குண்டை நோக்கிக் குனிந்தான். அவனுக்கு அன்று பாக்கி செட் எதுவும் இல்லை. கடைசி செட்டை முடித்துவிட்டுத்தான் நின்றிருந்தான். அதைத் தங்கை சொன்னதும் அவன் கை கைப்பிடியிலேயே நின்றது. நிமிர்ந்தபோது முகம் வெளிறியிருந்தது.

மாடிப்படியில் வைத்து அவள் அவனை விடவில்லை.

"பஸ்லயும் இப்படி வருதா?"

"உளறாதே."

"என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு."

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். குரல் இறங்கியது. "போன வாரம் ஒரு ஸ்டாப்பை விட்டுட்டேன். பின்னால எல்லாரும் கத்தினப்பதான் தெரிஞ்சுது. ஏதோ யோசனையில இருந்திருப்பேன்னு நெனச்சேன்." படிக்கட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அதுக்கு முன்னாடி ஒருதடவை. பாலத்து மேல ஏறினது ஞாபகம் இருக்கு. இறங்கினது இல்ல" என்றான்.

"நாளைக்கு லீவு போடு. டாக்டர்கிட்ட போலாம்."

"போனா லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்கடி. எனக்கு வேற என்ன தெரியும்? போட்டி முடியட்டும். தூக்கம் பத்தல, அவ்வளவுதான். அண்ணிகிட்ட வாயைத் திறந்தே, அப்புறம் நான் உனக்கு அண்ணனே இல்ல."

அவள் வாயைத் திறக்கவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக அவளால் யாரிடமும் எதையும் சொல்ல முடியவில்லை. அண்ணனின் கவனத்தைப் பற்றித் தானே ஊரெல்லாம் பெருமையடித்தது திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலை கடைக்குப் போகாமல் அண்ணனுடைய பஸ்ஸில் ஏறினாள். அவளைக் கண்டதும் அவன் தாடை இறுகியது. டிரைவர் இருக்கைக்குப் பின்னால் இருந்த முதல் சீட்டில் அவள் உட்கார்ந்தாள். உள்பக்கக் கண்ணாடியில் அவன் கைகள் தெரிந்தன. பஸ் நிரம்பியது. ஆபீஸ் போகிறவர்கள், பையைக் கட்டிக்கொண்டு தூங்குகிறவர்கள், நர்ஸ் உடுப்பில் ஒரு பெண். ஒருவரும் ஓட்டுகிறவனைப் பார்க்கவில்லை. பஸ்ஸில் ஏறுகிறவன் எதற்காகப் பார்க்கப்போகிறான்?

முதல் நடை நன்றாகவே போனது. தன் பயம்தான் பெரிது என்று அவளே நம்பத் தொடங்கினாள். திரும்பும் நடையில், மார்க்கெட்டுக்கு இறங்கும் சரிவில் சிக்னல் சிவப்பாக இருந்தது. பஸ் நின்றது. அண்ணன் நீளமாக மூச்சு விட்டான். ஸ்டியரிங்கிலிருந்து விரல்களை எடுத்து உதறினான். கூடத்தில் செய்வது போலவே, ஒழுங்காக.

பிறகு கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தேய்க்கத் தொடங்கியது.

"அண்ணா."

முன்னால் ஜனங்கள் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் தோளில் குழந்தையைச் சுமந்தபடி, கைபேசியில் பேசிக்கொண்டே நடந்தார். பஸ் சத்தமில்லாமல் நகர்ந்தது. பிரேக்கில் இருந்த கால் தளர்ந்துவிட்டது. யாரோ தூக்கத்தில் கையை நழுவவிடுவது போல அவ்வளவு மெதுவாக பஸ் சரிவில் இறங்கியது. அதனால்தான் பயணிகளில் ஒருவர்கூடத் தலை நிமிரவில்லை.

அவள் தடுப்புக் கதவின் மேலாகப் பாய்ந்து, அண்ணனின் மடிக்குக் குறுக்கே விழுந்து, ஜன்னலோரம் இருந்த கைப்பிரேக்கை இழுத்தாள். காற்று புஸ்ஸென்று சீறியது. பஸ்ஸுக்குள் நின்றுகொண்டிருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். குழந்தையைச் சுமந்தவர் ஒரு கையை பஸ்ஸின் முகப்பில் ஊன்றி, நம்ப முடியாதவராக மேலே பார்த்தார். அவருக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் அந்தக் கையின் நீளம்கூட இல்லை.

"பைத்தியமா இந்தப் பொம்பளை?" என்று பின்னால் ஒருவர் கத்தினார். "டிரைவரைப் போயி இடிக்குது!"

அண்ணன் கண் சிமிட்டினான். மடியில் கிடந்த தங்கையைப் பார்த்தான். முகப்புக் கண்ணாடிக்கு வெளியே இருந்த மனிதரைப் பார்த்தான். "ஏன் எல்லாரும் கத்தறாங்க?" என்றான், சின்னப் பிள்ளை கேட்பது போல.

அவள் அழுதுகொண்டே, "சொல்லிடுண்ணா. நீயே சொல்லிடு" என்றாள்.

அவன் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினான். சிக்னல் பச்சையாகி, பின்னால் ஹாரன்கள் காதைக் கிழித்தன. கடைசியில் வயர்லெஸ்ஸை எடுத்தான். "டிரைவருக்கு உடம்பு சரியில்ல. இனிமே என்னால வண்டியை எடுக்க முடியாது. வேற ஆளை அனுப்புங்க" என்றான். பிறகு எழுந்து, எல்லாரையும் இறங்கச் சொல்லிவிட்டு, கடைசியாக இறங்கினான்.

வலிப்பில் இப்படியும் ஒரு வகை உண்டு என்றார் டாக்டர். கீழே விழாமல், கைகால் உதறாமல், ஆளை மட்டும் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டு போய்விடும். மாத்திரை எழுதினார். வண்டி ஓட்டக் கூடாது, தலைக்கு மேல் எடை தூக்கக் கூடாது என்றார். டிப்போவில் அவனை உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றினார்கள். அவன் போட்டிக்குப் போகவில்லை. தங்கையிடம் பேசவும் இல்லை. அண்ணிதான் போனில், "கோவம் உன்மேல இல்லம்மா, அவருக்கு அவர் மேலயே" என்று சமாதானம் சொல்வாள். அப்போது பின்னால் டிவி சத்தம் திடீரென்று கூடும்.

கோச் ஒரு நாள் கண்ணாடிக் கடைக்கே வந்தாள். "தீயில புகையைப் பாத்தே உள்ள என்ன இருக்குன்னு சொல்லுவேன். உங்க அண்ணனைப் பாத்துக் கைதட்டியிருக்கேனே" என்றாள்.

டாக்டர் அண்ணனிடம் வேறொரு கேள்வியும் கேட்டிருந்தார் என்பதை அண்ணி பிறகுதான் சொன்னாள். அப்பா எப்படி இறந்தார் என்று கேட்டாராம். அப்பா பெயின்டர். பட்டப்பகலில், காற்றே இல்லாத நாளில், ஏணியிலிருந்து விழுந்தார். கால் இடறியிருக்கும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

"சில குடும்பங்கள்ல தொடர்ந்து வருமாம். உனக்கு அப்படி ஏதாவது உண்டான்னு கேட்டாரு. அவ வாயை மூடினாத்தானே, அவளுக்கு இல்லன்னு சொல்லிட்டோம்."

தங்கை சிரித்தாள். போனை வைத்தபின், அந்தச் சிரிப்பு எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியவில்லை. அவள் தனியாக வாழ்பவள், பார்த்துச் சொல்ல வீட்டில் யாரும் இல்லை. அண்ணனுக்கு அது வந்துபோனது அவனுக்கே தெரிந்ததில்லை.

மறுநாள் அறுப்பு மேஜையில், எதிரே கண்ணாடி விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்த, கூட வேலை பார்க்கும் அக்காவிடம் சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டாள். பல வருடங்களாக இருவருக்கும் ஒரே மேஜை.

"அக்கா, நீங்க எதாவது பேசி, நான் பதில் சொல்லாம நின்னிருக்கேனா?"

"நீயா? உன் வாய்க்குப் பூட்டுப் போட இனிமேதான் ஒருத்தன் பொறக்கணும்." அக்கா சிரித்தாள். பிறகு இயந்திரத்தை நிறுத்தினாள். புருவம் சுருங்கியது. "ஒருதடவை அந்தப் பெரிய ஷோகேஸ் கண்ணாடி வந்தப்ப... நீ அளவைத்தான் யோசிக்கறேன்னு நெனச்சேன்."

தங்கை வெட்டுச் சக்கரத்தை மேஜையில் வைத்தாள். கையுறைகளை ஒவ்வொரு விரலாக இழுத்துக் கழற்றினாள். முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பஸ்ஸில் ஏறாமல், நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.