இனிக்குதா?

தொற்றுநோய்ப் பிரிவில் பயிற்சி டாக்டர்கள் முகக்கவசம் மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவர் தலையிலும் பிளாஸ்டிக் கூடு ஒன்றைக் கவிழ்த்து, அதன் துளை வழியே இனிப்பு மருந்தைப் பீய்ச்சினார் சிஸ்டர். நாக்கு இனித்தால் கவசத்தில் இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம். கிருமியும் அந்த வழியாகவே போகும்.

"இனிக்குதா?"

"நல்லாவே இனிக்குது சிஸ்டர்," என்றான் தாடிக்காரன்.

"தாடிய எடுத்துட்டு வாங்க தம்பி. காதல் தோல்விக்கு வேற ஏதாச்சும் செடி கிடி வளத்துக்கோங்க."

அவன் மழித்துவிட்டு வந்தபோது, தரையைத் துடைத்துக்கொண்டிருந்த அக்காதான் முதலில் சிரித்தார். காசநோய் வார்டைச் சுத்தம் செய்பவர். அவர் கழுத்திலும் ஒரு பெரிய கவசம் தொங்கியது.

"உங்களுக்குப் பாத்தாச்சாக்கா?" என்று கேட்டான்.

"எங்களுக்கு எதுக்கு சார்? நாங்க காண்ட்ராக்ட்டு."

"டாக்டருக்கும் நர்சுக்கும்தான் தம்பி பாக்கச் சொல்லியிருக்காங்க," என்றார் சிஸ்டர்.

"நாங்க ரவுண்ட்ஸ் வந்துட்டு ஓடிருவோம். நாள் முழுக்க உள்ள இருக்கிறது அக்காதான சிஸ்டர்?"

சிஸ்டர் கூட்டைத் துடைத்தார். "கவசத்த மாட்டிட்டு உக்காரும்மா."

ஒரே பீய்ச்சல்தான். அக்காவின் முகம் வாடிவிட்டது. "இனிக்குது சிஸ்டர்... வீட்ல கைக்குழந்த இருக்கு. போனதும் தூக்கித்தான் பால் குடுக்குறேன்." கண் கலங்கிவிட்டது.

"அழாத. நாளைக்குக் குழந்தையையும் கூட்டிட்டு வா, ரெண்டு பேருக்கும் டெஸ்ட் எடுத்துடலாம். ஒண்ணும் இருக்காது." சிஸ்டர் அலமாரியைக் குடைந்து சின்ன அளவுக் கவசங்களை எடுத்தார். முதலாவது சரிவரவில்லை. இரண்டாவதன் பட்டையைத் தாடிக்காரன் இழுத்துச் சரிசெய்தான்.

சிஸ்டர் மறுபடி பீய்ச்சினார். "இப்ப?"

"இல்ல."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"சத்தியமா இனிக்கல சிஸ்டர்!" கவசத்துக்கு மேலே கண்கள் சிரித்தன. கூட்டை எடுத்ததும் எழுந்து வெளியே ஓடினார்.

தாடிக்காரன் நாற்காலியை மடக்கப் போனபோது வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு ஆட்கள் நின்றார்கள். எல்லார் கழுத்திலும் அதே பெரிய கவசம். அக்கா அவர்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்.

சிஸ்டர் மருந்துக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அடியில் கொஞ்சம்தான் இருந்தது.

"வாங்க, உக்காருங்க," என்றார்.

வரிசை தாழ்வாரம் திரும்பும் இடத்தையும் தாண்டிப் போயிருந்தது.