டாக்டர் சகலையின் பின் சக்கரம்

பல் டாக்டர் தன் சைக்கிளின் எடையைக் குறைக்கவென்று அதன் வால்வு மூடிகளைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டதாக, என்னவோ சொத்தையெல்லாம் தானமாக எழுதிவைத்த மாதிரி அறிவித்த அன்றுதான், காயில்காரருக்கு அந்த மனிதர்மேல் ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போனது.

"ரெண்டும் சேர்ந்து ஒரு கிராம்தான் சகலை. ஆனா இப்படி ஒவ்வொண்ணா கூட்டிப் பாருங்க."

கூட்டிப் பார்க்க வேண்டியது மூடியை அல்ல, பெல்ட்டுக்கு மேலே வழிந்துகொண்டிருக்கும் தொந்தியை என்று காயில்காரர் நினைத்தார். வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டார். சொன்னால் பெண்டாட்டி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள், அப்புறம் சாப்பாடு ஆறிப்போய்த்தான் வரும்.

இருவரும் கூடப்பிறந்த அக்கா தங்கையைக் கட்டியவர்கள். அக்காவைக் கட்டியவர் டாக்டர். தங்கையைக் கட்டியவர் இவர். எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டித் தரும் கடை வைத்திருப்பவர். மாமனார் வீட்டில் அவர் 'டாக்டர் மாப்பிள்ளை', இவர் 'காயில் மாப்பிள்ளை'. அவர் வாசலில் காரை நிறுத்தினால் மாமனார் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வருவார். இவர் போனால், "வந்ததுதான் வந்தீங்க, மாடியில ஃபேன் ஒண்ணு முனகிக்கிட்டே இருக்கு, என்னன்னு பாருங்க" என்பார். கல்யாணமான நாளிலிருந்து இதே பாட்டுதான். அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில், எல்லோரும் பார்க்க, ஒரே ஒரு தடவை டாக்டரின் மூக்கை உடைத்துவிட வேண்டும் என்பது இவருடைய ஆயுட்கால ஆசை. சிலருக்கு வீடு கட்ட ஆசை, சிலருக்கு விமானத்தில் ஏற ஆசை. இவருக்கு இது.

டாக்டருக்குச் சர்க்கரை வந்தபோது நடக்கச் சொன்னார்கள். அவர் சைக்கிள் வாங்கினார். வாங்கினோமா, ஓட்டினோமா என்று இருந்தாரா? சட்டம் கார்பன், கைப்பிடி கார்பன், தண்ணீர் பாட்டில் செருகும் கூண்டுகூடக் கார்பன். இரும்பு போல்ட்டையெல்லாம் கழற்றிவிட்டு டைட்டானியம் போட்டார். ஒவ்வொன்றையும் பல்லடைக்கும் பொடியை நிறுக்கிற தராசில் வைத்து எடை பார்த்தார். செயினுக்கு எண்ணெய் விடுவது கேவலமாம். மெழுகை உருக்கி அதில் முக்கி எடுப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில், தன்னைப் போலவே உடம்போடு ஒட்டிய உடுப்பில் பிதுங்கிக்கொண்டிருக்கும் நாலைந்து பேரோடு ஏரிக்கரைவரை போவார். அங்கே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே எது எத்தனை கிராம் என்று பேசிவிட்டுத் திரும்புவார்கள். வழியில் பால் கேன் கட்டிய சைக்கிள் ஒன்று இவர்களைத் தாண்டிக்கொண்டு போவது வழக்கம். அதைப் பற்றி மட்டும் காபி மேசையில் யாரும் வாயே திறப்பதில்லை.

காயில்காரரின் கட்சி வேறு. பேரிங் என்றால் பேரிங், சுற்றினால் சரி. மிச்சமெல்லாம் காசு கொழுத்தவன் காதில் சுற்றுகிற பூ. வீட்டில் யார் சைக்கிள் பேச்சை எடுத்தாலும் இதையே பாடுவார், பெற்ற மகளிடமும்.

மகளுக்குப் பள்ளியில் கடைசி வருஷம். சைக்கிள் பந்தயத்தில் ஓடுகிறவள். அணிக்கு ஆள் எடுக்கும் பந்தயங்கள் சீக்கிரமே நடக்க இருந்தன. முதல் சுற்றில் தேறினால் இறுதிச் சுற்று. அவளுடைய வண்டி யாரோ ஓட்டிக் கழித்ததை வாங்கியது.

"அப்பா, பின் சக்கரம் கரகரங்குதுப்பா. மிதிக்கிறத விட்டா வண்டி பிடிச்சு இழுக்குது."

"சக்கரமா ஓட்டுது? கால்தானே ஓட்டுது. கால்ல தெம்பு ஏத்து."

"கால்லயெல்லாம் இருக்கு. ஒரு தடவ பிரிச்சுப் பாரேன்."

"உனக்கும் பெரியப்பா காத்து அடிச்சிருச்சா? பார்க்கலாம், பார்க்கலாம்."

ஒரு வருஷமாக அது பார்க்கலாமாகவே இருந்தது. கடையில் தண்ணீர் மோட்டார்கள் வரிசைகட்டி நிற்கும். வீட்டுக்கு வந்தால் காலை நீட்டத்தான் தோன்றும்.

அப்படி இருக்கையில் ஒரு சனிக்கிழமை, டாக்டர் தன் பின் சக்கரத்தைப் பச்சைக் குழந்தையைத் தூக்குவது போல ஏந்திக்கொண்டு கடைக்கு வந்தார். விஷயம் இதுதான்: அழுக்கும் எடைதானே என்று, சைக்கிளைக் கார் கழுவும் இடத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார். கார் கழுவுகிற அதே குழாயை வாங்கி, சக்கரத்தின் நடு அச்சுக்கே குறிவைத்துப் பீய்ச்சியிருக்கிறார். உள்ளே தண்ணீர் புகுந்து சக்கரம் முனக ஆரம்பித்துவிட்டது. படித்த மனுஷன்.

"கம்பெனிக்கு அனுப்பினா திரும்பி வர நாளாகுமாம் சகலை. உங்ககிட்டதான் பேரிங் உருவுற புல்லர் இருக்கே? பேரிங்கைக் கழட்டி, சுத்தம் பண்ணி, மாட்டிக் குடுத்தா போதும். ஆனா பார்த்து. செராமிக். உங்க மோட்டார் பேரிங் மாதிரி கிடையாது."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் போயிருந்தால் இந்தக் கதையே கிடையாது.

மறுநாள் கடைக்கு விடுமுறை. காயில்காரர் ஷட்டரைப் பாதிவரை இறக்கிவிட்டு உட்கார்ந்தார். பேரிங்குகளைப் புல்லர் போட்டு வெளியே எடுத்தார். உள்ளே இருந்த உருண்டைகள் வெள்ளை வெளேரென்று இருந்தன. கழுவித் துடைத்ததும் நன்றாகவே சுற்றின. அப்படியே திரும்ப மாட்டியிருந்தால் அரை மணி நேரத்து வேலை. ஆனால் வளையத்தின் விளிம்பில் பொறித்திருந்த நம்பர் கண்ணில் பட்டது. அலமாரியில் சின்ன மோட்டார்களுக்காக அடுக்கி வைத்திருந்த பேரிங் டப்பாவிலும் அதே நம்பர்தான். அதே உள்வட்டம், அதே வெளிவட்டம், அதே அகலம். இவருக்குத் தனியாக உட்கார்ந்தபடியே சிரிப்பு வந்துவிட்டது.

மோட்டார் பேரிங்கை மாட்டிவிடுவது பெரிய காரியமில்லை. டாக்டர் கையில் வாங்கியதும் சுற்றிப் பார்ப்பார், அப்போது வித்தியாசம் தெரியக்கூடாது. தெரிந்துவிட்டால் திட்டமே பாழ். ஆகவே, மோட்டாருக்கென்று அடைத்திருந்த கெட்டி கிரீஸைக் கழுவி எடுத்துவிட்டு, லேசான கிரீஸை விரல் நுனியில் தொட்டு வைத்தார். அச்சுக்குழியை நைஸ் எமரித் தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினார். குழியைச் சுற்றிக் கொஞ்சம் சூடு காட்டி, பேரிங்கை இம்மியளவும் சாயாமல் அழுத்தி இறக்கினார். சுற்றிப் பார்த்தார், திருப்தி இல்லை. கழற்றி எறிந்துவிட்டு வேறு ஜோடி போட்டார். எந்த வாடிக்கையாளரின் மோட்டாருக்கும் இவர் இப்படி மெனக்கெட்டதில்லை.

மதியம் மகள் ஷட்டருக்குக் கீழே குனிந்து எட்டிப் பார்த்தாள்.

"அம்மா சாப்பிடக் கூப்பிடுறாங்க. எல்லாத்தையும் எடுத்து வச்சிருக்கியே, அப்படியே என் சக்கரத்தையும் பார்த்துடேன்பா. எடுத்துட்டு வரட்டா?"

"இப்ப தொணதொணக்காத. முக்கியமான வேலை."

அவள் போய்விட்டாள். வெளிச்சம் மங்கும் நேரத்தில் இவர் சக்கரத்தைக் கொக்கியில் தொங்கவிட்டு விரலால் ஒரு தட்டுத் தட்டினார். சத்தமே இல்லாமல் அது சுற்றியது, நிற்கிற எண்ணமே இல்லாதது போலச் சுற்றிக்கொண்டிருந்தது. வெள்ளை உருண்டைப் பேரிங்குகளை ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி வைத்துக்கொண்டார். அடுத்த மாதம் மாமனாருக்குப் பிறந்தநாள். குடும்பம் மொத்தமும் மேசையில் இருக்கும்.

டாக்டர் இரண்டு தடவை ஏரிக்கரைக்குப் போய்வந்துவிட்டுப் போனில் கூப்பிட்டார். குரல் குழைந்தது. "சகலை, செராமிக்னா செராமிக்தான்! சுத்தம் பண்ணினதும் சும்மா வழுக்கிட்டு ஓடுது. கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன், இந்த ஓட்டம் வேற எந்த பேரிங்லயும் வராது." காயில்காரர் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, சிரிப்பு வெளியே கேட்காமல் பார்த்துக்கொண்டார்.

மகளின் முதல் சுற்றுக்கு முந்திய நாள், பெரியப்பாவுக்கு வள்ளல் குணம் பொங்கிவிட்டது. "இதப் போட்டுட்டு ஓடும்மா" என்று பின் சக்கரத்தை அவளுடைய வண்டியில் தானே மாட்டிக் கொடுத்தார். காயில்காரர் பக்கத்தில் நின்று பார்த்தார். கூத்துக்கு இன்னொரு காட்சி சேர்ந்தது என்றுதான் அவருக்குத் தோன்றியது, வேறொன்றும் தோன்றவில்லை. போன வருஷம் கடைசிக் கூட்டத்தோடு கூட்டமாக வந்து சேர்ந்தவள், இந்தத் தடவை மூன்றாவதாக வந்தாள். இறுதிச் சுற்றுக்குப் பெயர் கொடுத்துவிட்டார்கள்.

பிறந்தநாள் சாப்பாடு இறுதிச் சுற்றுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை வந்தது. மேசையைச் சுற்றி மாமனார், மாமியார், அக்கா தங்கை இருவர், சகலை இருவர், மகள். டாக்டர் சக்கரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை.

"திறமை இருக்கு, இல்லேன்னு சொல்லல. ஆனா திறமைக்குச் சரியான பொருள் வேணும் மாமா. அந்த செராமிக் பேரிங் இல்லேன்னா மூணாவது இடமா? சான்ஸே இல்ல."

"அதுக்குத்தான் டாக்டர் மாப்பிள்ளை மாதிரி ஒருத்தர் குடும்பத்துல வேணுங்கறது" என்றார் மாமனார்.

காயில்காரர் கேக் துண்டைத் தட்டில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து, மேசை நடுவில் வைத்து, மூடியைத் திறந்தார்.

"சகலை, இது என்னன்னு தெரியுதா பாருங்க."

டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். பார்த்ததும் முகத்தில் ஈயாடவில்லை.

"உங்க செராமிக். சக்கரத்துல இப்ப இருக்கறது என் கடைச் சரக்கு. தண்ணி மோட்டார்ல போடுற பேரிங். கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன்னீங்களே, கண்ணைத் திறந்துட்டும் உங்களுக்குத் தெரியலையே!"

மாமனார் முதலில் விழித்தார். பிறகு விளங்கியது. விளங்கியதும் தொடையைத் தட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மாமியார் சிரித்தார். டாக்டரின் சொந்தப் பெண்டாட்டியே புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். டாக்டர், "அதான்... அதான் ரெண்டு வாரமா கொஞ்சம் இழுக்கற மாதிரியே இருந்துச்சு. சொல்லலாம்னு நினைச்சேன்" என்றார். அதற்கும் ஒரு சிரிப்பு எழுந்தது. காயில்காரர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். கல்யாணம் ஆனதிலிருந்து அந்த நாற்காலி இவருக்கு இவ்வளவு வசதியாக இருந்ததில்லை.

மகள் மட்டும் சிரிக்கவில்லை. டப்பாவை அருகே இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அன்னிக்கு நான் சாப்பிடக் கூப்பிட வந்தேனே, அப்ப மாட்டிட்டு இருந்தது இதுதானா?"

"இதேதான் கண்ணு. காலைல உட்கார்ந்தவன் சாயங்காலம்தான் எழுந்தேன். அந்த மாதிரி ஒரு வேலை!"

"அந்த மோட்டார் பேரிங், கடையில நிறைய இருக்கா?"

"டப்பா டப்பாவா கிடக்கு."

"அப்புறம் ஏம்ப்பா ஒரு வருஷமா எனக்கு ஒண்ணு மாட்டல?"

மாமனாரின் சிரிப்பு பாதியில் நின்றது. காயில்காரர் பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் எச்சில் தட்டுகளை அடுக்க ஆரம்பித்திருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை. கடையில் ஆயிரம் வேலை என்று சொல்ல இவர் வாயெடுத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுதும் பாதி ஷட்டருக்குப் பின்னால் ஒரு வாடிக்கையாளரும் இல்லாமல் தாம் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. பெற்ற பெண் வாய்விட்டுக் கேட்டதைத் தட்டிவிட்டு, பிடிக்காத ஒருவனை அசிங்கப்படுத்தத் தன் கைத்திறமை அத்தனையையும் கொட்டியிருக்கிறோமே என்று அப்போதுதான் உறைத்தது. டாக்டர் கேக்கை விரலால் கிளறிக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்க இப்போது சிரிப்பு வரவில்லை.

கிளம்புகிற நேரத்தில் வாசலில் அவள் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். டாக்டர் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"சகலை, விளையாடினது போதும். இதத் திருப்பி மாட்டிடுங்க. ஃபைனலுக்கு நல்ல பொருளோட போகட்டும்."

"வேணாம் பெரியப்பா. ரேஸ் முடியற வரைக்கும் இப்படியே இருக்கட்டும். முடிஞ்சதும் தந்துடறேன்" என்றாள் அவள்.

காயில்காரர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். குரல் அவருக்கே கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது. "எதுக்கும்மா அவர் சக்கரம்? உன் சக்கரத்தக் குடு. இன்னிக்கே பிரிச்சு, இதவிட நல்லா பண்ணித் தரேன். என் பொண்ணுக்குப் பண்ணமாட்டேனா?"

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் இவருக்குத் தேவலை என்றிருந்திருக்கும்.

"வேணாம்பா. நீ பொண்ணுக்குப் பண்ற வேலை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். ஒரு வருஷமா அதுலதான் ஓட்டினேன். இது பெரியப்பா மேல இருக்கற கோவத்துல பண்ணினது. இதுல ஒரு குறையும் இருக்காது."

இவருடைய விரல்களைக் கைப்பிடியிலிருந்து மெல்ல எடுத்துவிட்டு அவள் ஏறி உட்கார்ந்தாள். தெரு முனைவரை சரிவு. மிதிக்கக்கூட இல்லாமல் வண்டி போய்க்கொண்டே இருந்தது. பின் சக்கரத்தில் இம்மியளவு கரகரப்பும் இல்லை.