இறங்காத முள்

கார் நாற்பதில் போனாலும் வேகமானியின் முள் இருபதுக்கும் எழுபதுக்கும் நடுவே பேய் பிடித்ததுபோல ஆடியது. வாகனச் சோதனை அதிகாரி இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார். நாளையும் ஆடினால் எண் பலகையைக் கழற்றிக்கொள்வார்கள். அதோடு அந்தப் பழைய கார் சாலைக்கு வர முடியாது.

காரின் சொந்தக்காரர் பள்ளி ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர். அவருக்குக் கார் போவதுகூடப் பெரிதில்லை. மனைவிக்கு வலது கால் மடங்காது. இந்தக் காலத்துக் கார் எதிலும் அவளால் ஏற முடியவில்லை. இதன் பின் கதவு அகலம். இருக்கையும் கட்டில் மாதிரி, காலை நீட்டி உட்காரலாம். இது போனால் அவளுக்கு உலகம் வாசற்படியோடு சரி.

லாரி ஓட்டும் மைத்துனன் டார்ச் பிடிக்க, அவர் மீட்டரைக் கழற்றி எடுத்தார்.

"புது மீட்டர் கிடைக்காதா அத்தான்?"

"செஞ்ச கம்பெனியே இப்ப இல்லடா. இங்க பாரு, இதுக்குக் கரண்ட் கனெக்‌ஷனே கிடையாது. கியர்பாக்ஸ்லேர்ந்து வர்ற கேபிள் உள்ள இருக்குற காந்தத்தைச் சுத்த வைக்கும். அது மேல முள்ளோட அலுமினியக் கிண்ணம் கவுந்திருக்கு. ரெண்டும் தொடாது."

"தொடாம எப்படி முள் நகரும்?"

"காந்தம் அலுமினியத்துல ஒட்டாது, ஆனா சுத்தினா கிண்ணத்தைத் தன்கூடவே இழுக்கும். கிண்ணத்துல இருக்குற சுருள் ஸ்பிரிங் விடாது. ரெண்டு பலமும் சமமாகுற இடத்துல முள் நிக்கும். அதான் வேகம்!" சொல்லும்போதே அவர் முகம் மலர்ந்தது.

"நம்ம வீட்டுக் கதைதானே," என்றாள் வாசல் நாற்காலியில் இருந்த மனைவி. "நான் இழுக்குறேன், நீங்க நகர மாட்டேங்குறீங்க."

மீட்டரின் மூடியைக் கழற்றியதும் எண்ணெய் வாடை அடித்தது. கிண்ணம், காந்தம், சுருள் எல்லாம் ஊறிக் கிடந்தன. பிசுக்கில் கிண்ணம் சிக்கிச் சிக்கி நகர்ந்ததால்தான் முள் ஆடியது என்று அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. கேபிளின் உள்கம்பி திருகாணிபோல முறுக்கப்பட்டிருந்தது. சுற்றச் சுற்ற, அதிகப்படி எண்ணெய் அதன் வழியே மேலே ஏறும். கேபிளுக்கு வாராவாரம் எண்ணெய் விட்டவர் அவரேதான்.

"கைக்குழந்தைக்குப் பால் குடுக்குற மாதிரி குடுத்தீங்களே அத்தான்!"

அவர் பெட்ரோலில் தூரிகையைத் தோய்த்துக் கிண்ணத்தைத் துடைத்தார். தலைமுடி கனமே இருந்த சுருளின் வளையங்கள் பிசுக்கில் ஒட்டியிருந்தன. ஊசி முனையால் ஒவ்வொன்றாகப் பிரித்தார். உள்வளையம் மட்டும் வரவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு நெம்பு நெம்பினார்.

நகம் வெட்டும் சத்தம்கூட இல்லை. சுருள் அறுந்துவிட்டது.

"ஒட்டிடலாமா?" மைத்துனனின் குரல் தணிந்திருந்தது.

"ஒட்டினா பலம் மாறிடும். சுருள் இல்லன்னா பிடிச்சு நிறுத்த ஆளில்லை. லேசா நகர்ந்தாலே முள் கடைசிக்குப் போயிடும். திரும்பி வராது."

அவர் அறுந்த சுருளை மூடியில் எடுத்து வைத்தார்.

"நாளைக்குத்தானே பலகையைக் கழட்டுவாங்க?" என்றாள் மனைவி. "இப்ப ஒரு சுத்து கூட்டிட்டுப் போங்க."

மீட்டரை மாட்டினார். மைத்துனன் அக்காவைத் தாங்கிப் பின்னால் ஏற்றிவிட்டான். கார் நடை வேகத்தில் தெருவில் இறங்கியது.

"முள் ஆடுதா?"

"இல்ல. ஒரே இடத்துல நிக்குது."

"எத்தனையில?"

"நூத்தி இருபது."

"ஓகோ. அதான் அந்த நாய் நம்மள முந்திட்டுப் போகுதா?"

அவர் சிரிக்கவில்லை. அவள் கண்ணாடியை இறக்கி முகத்தை வெளியே நீட்டிக்கொண்டாள். சுற்று முடிந்து தெருமுனை தெரிந்தது, அங்கே திரும்பினால் வீடு. அவர் வேகத்தை இன்னும் குறைத்தார்.

முள் இறங்கவில்லை.