ஏறுபூரான் துப்பாக்கி

என் மச்சான் கருப்பண்ணன் செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. இன்னும் எனக்கு அவன் மேல் கோபம் தீரவில்லை. கருமாதிக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்தேன், அப்போதும் தீரவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் செல்லமுத்து பொய் சொல்கிறவன் என்று எங்கள் எருமப்பட்டியில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டவன் கருப்பண்ணன்தான்.

மேட்டூர் அணை திறந்ததற்கு மறுவருஷம் நடந்தது இது. கொல்லிமலை அடிவாரத்தில் எனக்கு இரண்டு ஏக்கர் மேட்டுக்காடு. முந்தின வருஷம் கடலை போட்டிருந்தேன். பறிக்க மூன்று நாள் இருக்கும்போது மலையிலிருந்து காட்டுப்பன்றிகள் இறங்கின. கொடியைப் பிடுங்கி, காயைத் தின்றுவிட்டு, கொடியைத் திரும்ப நட்டு வைத்துவிட்டுப் போயிருந்தன. விஷயம் எனக்குத் தெரியவே இரண்டு நாள் ஆயிற்று. கூட்டத்துக்குத் தலைமை, கோரைப்பல் ஒன்று ஒடிந்த கிழட்டுப் பன்றி. அதற்கு நாங்கள் மணியக்காரர் என்று பெயர் வைத்திருந்தோம். வரி வாங்க வருகிற மணியக்காரர் போலவே வருஷத்துக்கு ஒருதரம் வரும். வந்தால் ஒன்றும் மிச்சம் வைக்காது.

அந்த ஆடியில் மறுபடி கடலை விதைத்தபோது என் சம்சாரம் சென்னியம்மாள் வரப்பில் நின்றுகொண்டு சொன்னாள்: "ஏனுங்க, இந்த வருசமும் பன்னி தின்னுச்சுன்னா, நான் புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போயிருவேன். நீங்க இங்கயே அந்த மணியக்காரரோட குடித்தனம் பண்ணுங்க."

அவள் சொன்னால் செய்கிறவள். நான் துப்பாக்கி வாங்குவது என்று முடிவு செய்தேன்.

லைசென்சுக்கு மனுப்போட்டேன். பன்றி வந்ததற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டு மனுவைத் திருப்பினார்கள். இரண்டாம் மனுவையும் அதே கேள்வியோடு திருப்பினார்கள். மூன்றாம் தடவை ஒரு கூடை நிறைய அத்தாட்சியைக் காட்டு ஓரத்திலிருந்து அள்ளிக்கொண்டு போய் குமாஸ்தாவின் மேசைமேல் கவிழ்த்தேன். அன்றைக்கே கையெழுத்தாயிற்று. பேனாவைக்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நீட்டினார்கள்.

காசுக்குச் சென்னியம்மாள் வளர்த்த கிடாரிக் கன்றை விற்றோம். முப்பத்தைந்து ரூபாய். அதற்குள் துப்பாக்கியும் வரவேண்டும், தோட்டாவும் வரவேண்டும், சேலம் போய்வரப் பஸ் சார்ஜும் வரவேண்டும்.

"அது என்ற சொந்தக் கிடாரி. அதை வித்த காசுல ஒண்ணு வாங்கோணும்னா, என்ற அண்ணனும் கூட வரோணும்" என்றாள்.

இங்கேதான் கருப்பண்ணன் உள்ளே வருகிறான். அவன் மாட்டுத் தரகன். அவன் ரோமச்சுழி பார்த்து ராசி சொல்லாமல் எங்கள் பக்கத்தில் யாரும் ஒரு கன்றுக்குட்டிகூட வாங்கமாட்டார்கள். மாட்டுக்குச் சரி, துப்பாக்கிக்கு இவன் எதற்கு? கேட்டேன்.

"மாப்ள, மாடு வேலை செய்யற சாமான். துப்பாக்கியும் வேலை செய்யற சாமான். சுழி கெட்டது எதுவும் ஊட்டுக்குள்ள வரப்படாது" என்றான்.

சேலத்தில் துப்பாக்கிக் கடை வைத்திருந்தவர் பெயர் தீர்த்தகிரி. மூக்குக்கண்ணாடி போட்ட, பொறுமையான மனிதர். அவருடைய பொறுமையின் அளவு அன்றைக்குத்தான் அவருக்கே தெரிந்தது. இரட்டைக்குழல் ஒன்றை எடுத்து வைத்து நூற்றெழுபது ரூபாய் என்றார். நான் எங்களிடம் இருப்பதைச் சொன்னேன். அவர் அதை உறையில் போட்டு, எங்கள் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்துவிட்டு, சின்ன ரகத்தில் இரண்டை எடுத்தார். ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுடுவது. குண்டு துவரம்பருப்பைவிடக் கொஞ்சம் பெரிசு.

"இது முயலுக்கு, கொக்குக்கு. பன்னிக்கு இது கொசுக்கடிங்க" என்றார்.

"கொல்லோணும்னு இல்லீங்க. அவமானப்படுத்தினாப் போதும்" என்றேன்.

அவர் ஒரு குழாயைத் துடைத்தபடி, "நெத்தியில சரியாப் பட்டாச் சாகும். அதுக்குக் குறி சுத்தமா இருக்கோணும். இதை எடுத்துக்கங்க" என்று ஒன்றை நீட்டினார். புதிசு. மெருகில்லாத பிடிக்கட்டை, நேரான குழாய், விலை முப்பது. மற்றது ஒரு துரை வைத்திருந்த பழசு. தேக்குப்போல மினுமினுக்கும் கட்டை, பித்தளைப் பூண், விலை இருபத்தெட்டு.

கருப்பண்ணன் புதிசைக் கையில் வாங்கி, மாட்டுக்குப் பார்ப்பதுபோல முதலில் பல் பார்த்தான். குழாய் வாய்க்குள் சுண்டுவிரல் நகத்தை விட்டுத் துழாவினான். பிறகு முதுகைத் தடவினான். "உதைக்குமா?"

"இந்த ரகம் உதைக்கவே உதைக்காதுங்க" என்றார் தீர்த்தகிரி பெருமையாக.

"கொஞ்சமாச்சும் உதைச்சாத்தான் ரோசம் இருக்குதுன்னு அர்த்தம்" என்று சொல்லிக்கொண்டே கட்டையைத் திருப்பியவன் கையைச் சுட்டுக்கொண்டவன் போல மேசையில் வைத்துவிட்டான். "மாப்ள! இறங்குபூரான்!"

மாட்டின் முதுகில் ரோமம் பூரான்போல வரியாக ஓடும். தலைப்பக்கம் ஏறினால் ஏறுபூரான், குடும்பம் ஏறும். வால்பக்கம் இறங்கினால் இறங்குபூரான், குடும்பம் இறங்கும். இந்தக் கட்டையில் மரத்தின் ரேகை அப்படி இறங்கி ஓடியிருந்தது.

"ஏனுங்க, துப்பாக்கிக்கு எது தலை, எது வாலுங்க?" என்று கேட்டார் தீர்த்தகிரி. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார், பாவம்.

"கத்தற பக்கம் தலை" என்றான் கருப்பண்ணன்.

பழசின் கட்டையில் ரேகை கத்துகிற பக்கம் ஏறியது. கருப்பண்ணன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"அதோட குழாய் தேஞ்சு போச்சுங்க. துரை பத்து வருசம் காக்கா சுட்டது" என்றார் கடைக்காரர்.

"அப்பப் பழகுன மாடு" என்றான். உடனே மேல்துண்டை உதறி அவர் கைமேல் போட்டு, துண்டுக்கடியில் அவர் விரல்களைப் பிடித்து விலை பேச ஆரம்பித்தான். சந்தையில் அப்படித்தான் பேசுவது. தீர்த்தகிரிக்கு அது தெரியாது. "அய்யோ, கையை உடுய்யா! விலை சீட்டுல எழுதித் தொங்குது பாரு!" என்று கூவினார். இவன் விடவில்லை. மூன்று விரலை மடக்கி இருபத்தைந்துக்கு முடித்துவிட்டுத்தான் விட்டான். அந்த விரல்கள் நிமிர ஒரு வாரம் ஆனதாகக் கேள்வி.

நான் புதிசைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்லியிருக்கலாம். ஆனால் காசு அவன் தங்கச்சியின் கிடாரி. லைசென்சில் பழசின் நம்பர் ஏறிவிட்டது. சர்க்கார் புத்தகத்தில் ஏறிய நம்பரை மாற்ற, இன்னும் எத்தனை கூடை சுமக்கவேண்டுமோ?

ஊருக்கு வந்து வேலிக்கல்லின்மேல் ஒரு பானையை வைத்துக் குறிபார்த்தேன். இடப்பக்கம் பத்தடி தள்ளி நின்ற பனைமரத்தில் பட்டது. பனைமரத்துக்குக் குறி வைத்தேன். அந்தக் குண்டு எங்கே போனது என்று இன்றுவரை தகவல் இல்லை.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. நேரே கருப்பண்ணன் வீட்டுக்குப் போனேன். அவன் கம்மங்கூழ் குடித்துக்கொண்டிருந்தான்.

"ஏய்யா, நீ துப்பாக்கி வாங்குனியா, காட்டு வேலிக்குக் கம்பு வாங்குனியா?"

"புது ஊட்டுக்கு வந்த மாடு நாலு நாள் மிரளத்தான் செய்யும், மாப்ள."

"அந்தப் புதுசை மல்லசமுத்திரத்துக்காரன் ஒருத்தன் வாங்கி மூணு பன்னி அடிச்சுட்டானாம். தெரியுமா உனக்கு?"

கருப்பண்ணன் கூழை நிதானமாக விழுங்கினான். "தெரியும். அவன் பொண்டாட்டி போன வாரம் கிணத்துமேட்டுல உழுந்து காலை ஒடிச்சுக்கிட்டா. அது தெரியுமா உனக்கு?"

அந்தக் கூழ்ச்சட்டியை அவன் தலையில் கவிழ்த்திருக்கவேண்டும். கவிழ்க்காமல் வந்தது இன்றும் எனக்குக் குறைதான்.

கார்த்திகை பிறந்தது. கடலை முற்றிவிட்டது. சென்னியம்மாள் வீட்டுப் பரணிலிருந்து துணிப்பெட்டியை எடுத்துத் துடைத்து வெயிலில் காயவைத்தாள். நான் கருப்பண்ணனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து காட்டில் காவல்பரண்மேல் ஏற்றினேன். "நீ பார்த்த சுழிதானே? நீயே சுடு."

பொழுது சாயும் நேரம். ஓடைப்பக்கமிருந்து மணியக்காரர் வந்தார். பின்னால் குடும்பம், பதினாலு உருப்படி. அவர் நேரே பரணுக்கு எதிரே நின்று முதல் கொடியைப் பிடுங்கினார். கருப்பண்ணன் சாமியைக் கும்பிட்டுவிட்டுச் சுட்டான். இடப்பக்கம் எங்கேயோ ஒரு கல்லில் டிங்கென்றது. மணியக்காரர் தலையைக்கூடத் தூக்கவில்லை. இன்னொன்று, டிங். சத்தம் கேட்டு இன்னும் நாலு பன்றி புதிதாக வந்து சேர்ந்தன, வேடிக்கை பார்க்க.

"மாப்ள, துப்பாக்கிக்குக் கொஞ்சம் சோளத்தட்டு காட்டிப் பார்க்கலாமா?" என்றான்.

அதற்குப் பிறகு நடந்ததில் யோசனை எதுவும் கிடையாது. துப்பாக்கியை அவன் கையிலிருந்து பிடுங்கி, குழாய்ப்பக்கம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பரணிலிருந்து குதித்தேன். இரண்டு வருஷக் கோபம் ஒன்றாகச் சேர்ந்திருந்தது. பன்றிமேல், குமாஸ்தாமேல், துரைமேல், துரை சுட்ட காக்கைகள்மேல், எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்திருந்த மச்சான்மேல். நான் போட்ட கூச்சலில் நாமக்கல் கோட்டைப் பாறையிலிருந்து ஒரு சில்லுப் பெயர்ந்ததாகச் சொல்வார்கள். அது மிகை, சின்னச் சில்லுதான். கட்டையை ஓங்கி மணியக்காரரின் மூக்குக்கு நடுவே ஒன்று கொடுத்தேன். கட்டை இரண்டாகப் பிளந்தது.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கண்ணில் இருந்தது பயமில்லை, வலியில்லை. குடும்பத்தார் முன்னால் அடிவாங்கிய பெரிய மனுஷனின் கண். மெதுவாகத் திரும்பி மலைப்பக்கம் நடந்தார். பதினெட்டும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பின்னால் போயின. அன்றிலிருந்து அந்தக் காட்டுக்குள் ஒரு பன்றி வந்ததில்லை.

மூச்சு வாங்க நின்றேன். கருப்பண்ணன் நிதானமாகப் பரணிலிருந்து இறங்கி வந்தான். பிளந்த கட்டையில் ரேகையோடிய துண்டைக் கீழேயிருந்து எடுத்து, மண்ணைத் தட்டி, கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"நான் சொல்லல? ஏறுபூரான் கைவிடாது, மாப்ள."

கையில் மிச்சமிருந்த குழாயோடு அவனைத் துரத்தினேன். பன்றிகள் போன திக்கில்தான் ஓடினான். அவற்றையும் தாண்டி ஓடினான்.

அந்த வருஷம் கடலை பதினேழு மூட்டை. பெட்டி வீட்டுப் பரணுக்குத் திரும்பியது. சென்னியம்மாள் முதல் மூட்டையைத் தன் அண்ணன் வீட்டுக்கு அனுப்பினாள். "அண்ணன் பார்த்த சுழிங்க" என்றாள். பன்றியை விரட்டியது சுழிதான், செல்லமுத்து அடித்ததாகச் சொல்வது பொய் என்று ஊரிலும் கருப்பண்ணன் சொல்லி வைத்தான். அந்தக் கட்டைத் துண்டை எங்கள் கட்டுத்தறிக் கொட்டகை நிலைப்படியில் அவளே ஆணியடித்து வைத்தாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது. தினமும் அதைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறேன்.

பிடுங்கி அடுப்பில் போட எனக்கு ஒரு நிமிஷம் போதும். ஆனால் பிடுங்கின மறுநாள் தற்செயலாக ஒரு பன்றி வந்து தொலைத்தால், அந்தப் பயல் சொன்னது நிஜமாகிவிடும். அதற்கு மட்டும் நான் இடம் கொடுக்கமாட்டேன்.