தேய்ந்த குதிகால்

“செருப்பைக் கழற்று.”

“எதுக்கு?”

“கழற்று காக்கா. ரெண்டையும்.”

“ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு பஷீரா. இப்பவா விளையாட்டு?”

“விளையாட்டெல்லாம் நேத்தோட முடிஞ்சுபோச்சு. கழற்று.”

என் தங்கை என்னைவிட மூன்று வயது சின்னவள்; அதட்டுவதில் பத்து வயது பெரியவள். கழற்றிக் கொடுத்தேன். வாப்பாவின் சைக்கிள் கடை மேசையில் அவற்றைக் கவிழ்த்து வைத்தாள். பெருநாளுக்கு வாங்கிய தோல் செருப்பு. வலது குதிகால் அப்படியே இருந்தது. இடது குதிகால் அட்டைபோலத் தேய்ந்திருந்தது.

“நீ ஓட்டிப் பார்த்தப்போ வண்டி எப்படி நின்னுச்சு, உமர் காக்கா?”

“தானாத்தான். லேசா வந்து…”

என் இடது கால் தானாகத் தரையில் ஊன்றி உரசியது. எனக்கு விளங்கிவிட்டது.

அந்த வண்டியை நாங்கள் இருவரும் பக்கத்து வீட்டுக் காசிம் மாமாவுக்காகச் செய்தோம். ஆற்றோரச் சரக்குக் கிட்டங்கியில் பலகை அடுக்கு சரிந்து மாமாவின் இரண்டு கால்களும் தொடையோடு போய்விட்டன. பிறகு வெள்ளிக்கிழமைகளில் இரண்டு பேர் அவரை ஜும்மாவுக்குத் தூக்கிப் போனார்கள். ஒருநாள் பள்ளிவாசலில் யாரோ, “இந்த மூட்டையை எங்கப்பா இறக்கறது?” என்றார்கள். மாமாவும் சேர்ந்து சிரித்தார். அடுத்த வெள்ளிக்கிழமை போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை.

வண்டிக்குப் பின்னால் இரண்டு சைக்கிள் சக்கரங்கள். முன்னால் யாரோ வீசிய குழந்தை வண்டியின் சின்னச் சக்கரம். பெடலை நெஞ்சுக்கு நேராக உயர்த்தி, கையால் சுற்றும்படி வைத்தேன். பஷீரா பிரம்பில் இருக்கை பின்னினாள். புக்கிட் பாரு குன்றின் இறக்கத்தில் இருபது தடவையாவது ஓட்டிப் பார்த்தேன். சட்டை பாய்மரம்போலப் புடைக்கும். கீழே வந்து அழகாக நிற்கும். “பிரேக் வேணாமா?” என்று அவள் கேட்டபோது, “எதுக்கு வீண் பாரம்?” என்றேன்.

நேற்று வெள்ளிக்கிழமை. யாரும் கூட வரக்கூடாது என்று சொல்லிவிட்டு, வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக மாமா தனியே கிளம்பினார். வழியில் ஒரு மரப்பாலம். மூச்சு வாங்க ஏறிவிட்டார். இறங்கும்போது வேகம் பிடித்தது. பெடலைப் பிடித்தும் வண்டி நிற்கவில்லை. ஊன்றுவதற்குக் கால் இல்லாதவர், கையைச் சக்கரத்துக்குள் விட்டார்.

இன்று காலை அந்த வலது கையை முழங்கையோடு எடுத்துவிட்டார்கள்.

நாங்கள் இருவரும் போனபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் மனைவி ரோஷன் பீவி மாமி உட்கார்ந்திருந்தார். அழுது முடித்த முகம்.

“போய்ப் பாரு. ஆனா, இன்னொரு வண்டின்னு மட்டும் வாயைத் திறந்துடாதே. அவருக்கு மிச்சம் ஒரு கைதான் இருக்கு.”

மாமாவின் உதடு வெளுத்திருந்தது. நான் செருப்பைக் கழற்றி, கவிழ்த்துக் காட்டினேன். நடந்ததைச் சொன்னேன். அவர் அந்தக் குதிகாலை நெடுநேரம் பார்த்தார்.

“பாலத்துல நான் தேடினது இதைத்தான்,” என்றார்.

பஷீரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“அழாதே புள்ளே. உன் பிரம்புல ஒரு இழைகூட விட்டுப்போகல்லே.” பிறகு என்னைப் பார்த்தார். “பாலம் வரைக்கும் ஒருத்தன் என்னைத் தொடல்லே உமரு. ரோட்டுல நாலு பேர் ஸலாம் சொன்னாங்க. முகத்தைப் பார்த்துச் சொன்னாங்க.”

வாசலில் நிழல் விழுந்தது. மாமி வந்து நின்றிருந்தார். மாமா அவரைப் பார்க்கவில்லை. இடது கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். காய்ச்சலில் அந்தக் கை கொதித்தது.

“ஒத்தைக் கையால ஓட்டுற மாதிரி ஒண்ணு. பிரேக் வச்சு. ஓட்டிப் பார்க்கறப்போ உன் ரெண்டு காலையும் கட்டிக்கிட்டு ஓட்டு. செஞ்சு தருவியா, உமரு?”