மேல் கோடு

"பாத்தேம்மா. காலைலயே பாத்தேன். மேல் கோடு வரைக்கும் எண்ணெய் நிக்குது."

"அப்ப ஏன் கொதிக்குது?"

"அதத்தாம்மா நானும் பாத்துக்கிட்டிருக்கேன்."

"ஒரு மாசமா பாத்துக்கிட்டுதான் இருக்கற, கன்னியப்பா."

கன்னியப்பன் நனைத்த கோணியைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைக் கால் திருகு திருகினான். ஆவி சீறிக்கொண்டு கிளம்பியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு காத்திருந்தான். மூலக்குளத்தைத் தாண்டி ஒரு கிலோமீட்டர் கல்கூட வரவில்லை, அதற்குள் இந்தக் கூத்து. வில்லியனூர்ச் சந்தைக்குப் போகவேண்டிய கருவாட்டுக் கூடைகள் பின்னால் வெயிலில் நாறிக்கொண்டிருந்தன.

வண்டிக்குச் சொந்தக்காரி சூசைமேரி, குடையை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு முன் ஸீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து சைகோனிலிருந்து திரும்பிய கையோடு வாங்கிய லாரி அது, ஊர் வாயில் கமியோன். அவர் போய் நாலு வருஷமாகிறது. வண்டிக்கு இப்போது பதினோரு வயது. ஒருநாளும் அதில் ஏறாதவள் இன்று ஏறியிருக்கிறாள் என்றால், கண்ணால் பார்த்து முடிவு கட்டத்தான். நேற்றே சொல்லிவிட்டாள்: இன்னொரு தரம் கொதித்தால், சாயங்காலம் கடலூரிலிருந்து ராஜாங்கம் வருவான், பழைய இரும்பாக எடுத்துக்கொண்டு போகட்டும்.

வண்டி போனால் கன்னியப்பனும் போனமாதிரிதான். ஒதியம்பட்டில் அவன் வம்சத்தில் மாட்டு வாலைப் பிடிக்காத ஆம்பிளை அவன் ஒருத்தன். ஊருக்குள் 'கமியோன்காரர்' என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். நாளைக்கு அந்த 'ர்' உதிர்ந்துபோகும். அக்கா புருஷனின் மாட்டுக் கொட்டகையில் போய் நிற்கவேண்டியதுதான்.

ஆவி அடங்கியதும் எட்டிப் பார்த்தான். தண்ணீர் நாலு விரல்தான் குறைந்திருந்தது. விசிறி வாரைக் கட்டைவிரலால் அழுத்தினான், விறைப்பாகவே இருந்தது. ரேடியேட்டரின் அடிப்பக்கம் கை வைத்தான், அங்கேயும் சுட்டது. அப்படியானால் தண்ணீர் அடைப்பில்லாமல் ஓடுகிறது. ஓடாமல் என்ன செய்யும்? போன வாரம்தான் கழற்றிப் புளித்தண்ணீர் விட்டுக் கழுவினான். வண்டி நிற்கும் குருசுக்குப்பத்துக் கிணற்றுத் தண்ணீர் உப்பு என்று, ஒரு மாதமாக டவுனிலிருந்து நல்ல தண்ணீர் சுமந்து ஊற்றுகிறான். சொன்னதையெல்லாம் செய்தாயிற்று. சொல்லாததையும் செய்தாயிற்று. சக்கரத்தை ஓர் உதை விட்டான். கால்தான் வலித்தது.

"இன்னா மாப்ள, உன் குதிரைக்குத் தாகமா?"

யாரென்று பார்க்க வேண்டியிருக்கவில்லை. இந்த நேரத்துக்கு இந்த வழியில் வரக்கூடாத ஒரே ஆள், அக்கா புருஷன் கோவிந்தசாமி, மாட்டுவண்டியோடு வந்து நின்றிருந்தான்.

"வேலயப் பாத்துக்கிட்டுப் போ மாமா."

"இதுவும் வேலதான். என் மாடு கொளத்த பாத்தா தானே எறங்கிக் குடிச்சுக்கும். உன்னுது ரோட்டுல படுத்துக்கிட்டு அழுவுது." மாடுகளை அவிழ்த்து மரத்தில் கட்டிவிட்டு, வண்டியின் நுகத்தடியைத் தரையில் இறக்கினான். "அம்மா, கவுறு வெச்சிருக்கேன். கட்டி இழுக்கட்டுமா?"

"இரு கோவிந்தசாமி. இவன் ஆராய்ச்சி இன்னும் முடியல," என்றாள் சூசைமேரி. சாவியை உருவி முந்தானையில் முடிந்துகொண்டு கீழே இறங்கினாள். "எண்ணெய இன்னொரு தரம் பாரு."

"அதுல கொறையே இல்லம்மா. மூணு மாசமா இந்த வண்டி ஒரு சொட்டு கேக்கல. ஸீட்டுக்குப் பின்னால வாங்கிவெச்ச டின்னு மூடிகூடத் தொறக்கல."

"தெரியும். குப்பம் பூரா சொல்லி வெச்சிருக்கியே. பாருன்னா பாரு."

அவள் வாயை அடைப்பதற்காகத்தான் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவினான். துடைத்து, உள்ளே விட்டு, மறுபடி எடுத்தான். மேல் கோடு காய்ந்திருந்தது. கீழ்க் கோடும் காய்ந்திருந்தது. நுனியில் மட்டும் நகத்தளவு கறுப்பு, கண்ணுக்கு மை இழுத்தமாதிரி. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். மூன்றாம் தரமும் பார்த்தான். குனிந்து அடியில் தேடினான். தரையில் ஒரு சொட்டில்லை. காலையில் இதே கண்ணால் மேல் கோட்டில் பார்த்த எண்ணெய், ஒழுகவுமில்லை, இருக்கவுமில்லை.

எரிச்சலோடு நிமிர்ந்தபோது கோவிந்தசாமியின் வண்டி கண்ணில் பட்டது. அதில் மாட்டுக்குத் தவிடு கலந்த தண்ணீரை ஒரு பெரிய தட்டில் ஊற்றி வைத்திருந்தான். நுகத்தடி தரையில் கிடந்ததால் தட்டும் முன்பக்கம் சாய்ந்திருந்தது. முன் விளிம்பில் தண்ணீர் தளும்பி நின்றது; பின்பக்கம் தட்டின் அடி தெரிந்தது.

கன்னியப்பன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நாலு மாதத்துக்கு முன் ஸ்டார்ட் பண்ணும்போது, எஞ்சினில் செருகிச் சுற்றும் கைப்பிடி எதிர்ச் சுற்றுச் சுற்றி அவன் மணிக்கட்டை உடைத்தது. அன்றிலிருந்து கைப்பிடியைத் தொடுவதில்லை. குருசுக்குப்பத்துத் தெரு முடிந்து கடலுக்கு இறங்கும் சரிவில், மூக்கைக் கடல் பக்கம் வைத்து வண்டியை விடுவான். காலையில் பிரேக்கை எடுத்தால் தானே உருண்டு கிளம்பிவிடும். எண்ணெய் பார்ப்பதும் அங்கேதான், தினமும், கிளம்புவதற்கு முன்னால். எண்ணெய்க் கம்பி இருப்பதோ எஞ்சினின் முன்பக்கம். மிச்சமிருந்த எண்ணெயெல்லாம் சாய்ந்து வந்து அங்கே நின்று, அவனுக்கு மேல் கோட்டைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. பின்னால் வந்த நீலப்புகைக்குப் பெட்ரோலைத் திட்டினானே, அது எண்ணெய் எரிந்த புகை. எஞ்சினுக்குள் கேட்ட டக் டக்கும் இந்தக் கொதிப்பும் எண்ணெய் இல்லாததால்தான்.

சூசைமேரி சாலையைப் பார்த்தபடி நின்றாள். கோவிந்தசாமி கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தான். கம்பியைத் துடைத்துச் சொருகிவிட்டால் போதும். வண்டிக்கு வயதாகிவிட்டது என்பாள், ராஜாங்கம் எடுத்துக்கொண்டு போவான், அவன்மேல் ஒரு சொல் விழாது. சொன்னால் வண்டி பிழைக்கும். ஆனால் மூன்று மாதம் எஞ்சினைக் காயப்போட்டு ஓட்டியவனை யார் அதில் ஏற்றுவார்கள்? பழந்துணி கையிலேயே இருந்தது.

கம்பியைத் துடைக்காமல் அவளிடம் கொண்டுபோய் நீட்டினான்.

"வண்டி மேல தப்பில்லம்மா. எண்ணெய் இல்ல."

"தினமும் பாத்தேன்னியே."

"தினமும் பாத்தேன். சரிவுல வெச்சுப் பாத்தேன்." தவிட்டுத் தட்டைக் காட்டினான். "அந்த மாதிரி."

அவள் தட்டைப் பார்த்தாள், கம்பியைப் பார்த்தாள், கடைசியாக அவனைப் பார்த்தாள். "மூணு மாசம்," என்றாள். கோவிந்தசாமி கேலியை விட்டுக் கயிற்றை மறுபடி சுருட்டினான். அதுதான் கன்னியப்பனுக்குத் தாங்கவில்லை.

ஸீட்டுக்குப் பின்னாலிருந்து டின்னை எடுத்தான். தூசி படிந்த மூடியை நெம்பித் திறந்து, முழுவதையும் ஊற்றினான். கம்பியை விட்டு எடுத்தபோது எண்ணெய் கீழ்க் கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் ஏறியிருந்தது. சமதரையில் பார்த்தது, இது நிஜம். ரேடியேட்டரிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை விட்டு நிரப்பினான். பிறகு ஸீட்டுக்கடியில் துழாவித் துருப்பிடித்த கைப்பிடியை இழுத்து, முன்னால் கொண்டுபோய்ப் பொருத்தினான். மணிக்கட்டு இப்போதே வலிப்பதுபோலிருந்தது.

சூசைமேரியின் விரல்கள் முந்தானை முடிச்சின்மேல் இருந்தன. அவன் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நீட்டினான்.

"சாவியக் குடுங்கம்மா. சந்தை வரைக்கும் நான் ஓட்டறேன். கொதிச்சுதுன்னா, ராஜாங்கத்துக்கு நானே ஆளனுப்பறேன்."